சேலம், ஏற்காடு பகுதிகளில் அரசின் சத்துணவு உதவிகளைப் பெற முழுமையான வழிகாட்டி: கர்ப்பிணி முதல் காசநோயாளி வரை

ஒரே வீட்டுக்கு அங்கன்வாடி சத்துமாவு தருகிறது, ரேஷன் கடை அரிசியும் பருப்பும் தருகிறது, ஆரம்ப சுகாதார நிலையம் இரும்புச்சத்து மாத்திரையும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் தருகிறது. மூன்றும் மூன்று துறைகள். ஓரிடத்தில் கொடுத்த பெயர் மற்ற இடங்களுக்குத் தானாகப் போய்ச் சேரும் என்று நம்பிக் காத்திருந்து மாதங்களை இழந்த குடும்பங்களை அம்மாப்பேட்டைத் தறி வீடுகளிலும் பார்த்திருக்கிறேன், ஏற்காட்டின் காப்பித் தோட்டக் குடியிருப்புகளிலும் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோருக்கு முழுத் தகுதி இருந்தது. எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

உங்கள் வீட்டுக்காகவோ, பக்கத்து வீட்டுக்கு உதவவோ இதைப் படிக்கலாம். முதல் இரண்டு பகுதிகள் எல்லோருக்கும் பொது. மற்றவற்றில் உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆதார் அட்டை, குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், தாய் சேய் நல அட்டை அல்லது நோயாளியின் மருத்துவச் சீட்டு. இவை நான்கும் ஒரே பையில் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நகல் போதும்.

தாள்கள் இருந்தும் வேலை நடக்காமல் போவது பெரும்பாலும் மூன்று காரணங்களால். முதலாவது பெயர். ஆதாரில் ஒரு எழுத்து, வங்கியில் வேறு எழுத்து. ஒன்றில் தந்தை பெயரின் முதலெழுத்து, இன்னொன்றில் கணவர் பெயரின் முதலெழுத்து. பணம் வங்கி வரை வந்து திரும்பிப் போய்விடும். ஆதாரைத் திருத்துவதா, வங்கிப் பதிவைத் திருத்துவதா என்றால், பெரும்பாலும் வங்கியில் திருத்துவதே விரைவில் முடியும்.

இரண்டாவது கைபேசி எண். கணவரின் எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். அவர் திருப்பூரிலோ பெங்களூருவிலோ வேலையில் இருப்பார். பதிவுக்கான ஒருமுறைக் கடவுச்சொல் எண் (ஓ.டி.பி.) அவருக்குப் போகும். இங்கே பதிவு பாதியில் நிற்கும். யாருக்கு உதவி வர வேண்டுமோ அவரிடமே இருக்கும் எண்ணைக் கொடுங்கள். அவரிடம் கைபேசி இல்லையென்றால், நாள் முழுவதும் வீட்டில் இருப்பவரின் எண்ணைக் கொடுங்கள்.

மூன்றாவது வங்கிக் கணக்கு. கணக்கு அந்தப் பெண்ணின் பெயரிலோ நோயாளியின் பெயரிலோ இருக்க வேண்டும். ஆதாருடன் இணைந்திருக்க வேண்டும். நடப்பிலும் இருக்க வேண்டும். எப்போதோ தொடங்கிப் பணமே போடாமல் விட்ட கணக்கு முடங்கியிருக்கக் கூடும். நூறு ரூபாய் போட்டு எடுத்துப் பாருங்கள். எடுக்க முடிந்தால் கணக்கு உயிரோடு இருக்கிறது.

இவற்றோடு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வையுங்கள். போன தேதி, பார்த்த ஆள், அவர் சொன்ன பதில் மூன்றையும் அன்றைக்கே எழுதிவிடுங்கள். கடைசிப் பகுதிக்குப் போக நேர்ந்தால் இந்த நோட்டுதான் உங்களுக்காகப் பேசும்.

2. முதலில் அளவு, பிறகு உணவு

"சாப்பாடு சரியில்லை, ஏதாவது கொடுங்கள்" என்று கேட்டுப் போனால் எங்கேயும் பதில் தெளிவாக வராது. "ஒன்றரை வயதுக் குழந்தை, எடை இவ்வளவு, இரண்டு மாதமாக ஏறவில்லை" என்று சொல்லுங்கள். அந்த எண்ணை வைத்துத்தான் எந்தத் திட்டம், எவ்வளவு உணவு, மருத்துவமனை தேவையா என்பதை முடிவுசெய்கிறார்கள். அதனால் எந்த விண்ணப்பத்துக்கும் முன்னால் எடை பாருங்கள்.

குழந்தையை அங்கன்வாடியில் மாதம் ஒருமுறை எடை போட வேண்டும். கனமான ஆடையைக் கழற்றி, செருப்பையும் கொலுசையும் எடுத்துவிட்டு எடை போடுங்கள். ஏற்காட்டில் குளிர்காலத்தில் ஸ்வெட்டர், குல்லாயோடு எடை போட்டால், ஏறாத எடை ஏறியதுபோல் அட்டையில் விழுந்துவிடும்.

அடுத்து கைச்சுற்றளவு. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்கு இது பொருந்தும். இடது கையில் தோள்பட்டை எலும்பு முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவே குறி வைத்து, கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, மூன்று நிறம் போட்ட அளவுப் பட்டையை அந்தக் குறியில் சுற்றுகிறார்கள். தோல் மடியும் அளவுக்கு இறுக்கக் கூடாது, இடைவெளி தெரியவும் கூடாது. 12.5 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் பச்சை. 11.5 முதல் 12.5-க்குள் இருந்தால் மஞ்சள், மிதமான மெலிவு. 11.5-க்குக் கீழே சிவப்பு, கடுமையான மெலிவு.

இன்னொரு சோதனையை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். குழந்தையின் இரண்டு பாதங்களின் மேல்பக்கத்திலும் கட்டைவிரலால் மூன்று நொடி அழுத்தி எடுங்கள். இரண்டிலும் குழி விழுந்து அப்படியே நின்றால் உடலில் நீர் கோத்திருக்கிறது. அந்த நீரின் கனத்தால் எடை சரியாக இருப்பதுபோல் காட்டும். கன்னமும் உப்பித் தெரியும். "பிள்ளை கொழுகொழுவென்றுதானே இருக்கிறது" என்று பாட்டி சொல்வார். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய குழந்தை அது.

பெரியவர்களுக்கு எடையோடு உயரமும் தேவை. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். 150 சென்டிமீட்டர் உயரமும் 36 கிலோ எடையும் உள்ளவருக்கு 16 வரும். 18.5-க்குக் கீழே போனாலே எடைக்குறைவு. 16-க்கும் கீழே என்றால் கடுமையான குறைவு.

3. கர்ப்பிணி: 12 வாரத்துக்குள் ஆர்.சி.எச். எண்

நாள் தள்ளிப்போனது தெரிந்த உடனே கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள். சேலம் மாநகராட்சிப் பகுதி என்றால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். கர்ப்பிணிகளைப் பதியும் பிக்மி என்ற அரசு இணையதளத்தில் பதிவு செய்து, தாய் சேய் நலப் பதிவுக்கான 12 இலக்க ஆர்.சி.எச். எண் தருவார்கள். நீங்களாகவே இணையத்தில் முன்பதிவு செய்யலாம். 102-ஐ அழைத்தும் பதியலாம். ஆனாலும் செவிலியர் சரிபார்த்து முடித்த பிறகுதான் எண் உறுதியாகும்.

"மூன்று மாதம் முடியட்டும், அதுவரை வெளியே சொல்ல வேண்டாம்" என்று வீட்டில் தடுப்பது வழக்கம். அந்த அச்சம் புரிகிறது. ஆனால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு 12 வாரத்துக்குள் பதிந்திருக்க வேண்டும். மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பு. இதில் 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். மீதி 14,000 தவணைகளாக வங்கிக்கு வரும். முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும், தாய்க்கு 19 வயது நிறைந்திருந்தால் கிடைக்கும். ஊருக்குச் சொல்ல வேண்டாம். செவிலியரிடம் சொன்னால் போதும். மாமியாரிடம் இப்படி எடுத்துச் சொன்னால் பெரும்பாலும் சம்மதித்துவிடுகிறார்.

தனியார் மருத்துவமனையில் பார்ப்பவர்களுக்கும் இந்த எண் வேண்டும். பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போது இதைத்தான் கேட்பார்கள்.

பெட்டகத்தில் சத்து மாவு, இரும்புச்சத்து டானிக், பேரீச்சம்பழம், நெய் முதலியவை இருக்கும். வாங்கியதும் பிரித்துப் பாருங்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள். தாய் சேய் நல அட்டையில் பதியச் சொல்லுங்கள். பிறகு அதை அந்தப் பெண்ணின் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். பேரீச்சம்பழம் விருந்தாளிக்கும் நெய் வீட்டுச் சமையலுக்கும் போய்விட்டால், பெட்டகம் யாருக்காக வந்ததோ அவருக்கு அட்டையில் விழுந்த குறி மட்டும்தான் மிஞ்சும்.

இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கர்ப்ப காலத்தில் குறைந்தது 180 நாள், பிரசவத்துக்குப் பின் இன்னொரு 180 நாள் சாப்பிட வேண்டும். மலைமேல் காலையும் மாலையும் கருப்பட்டியோ வெல்லமோ போட்ட கடுங்காப்பி குடிப்பார்கள். பல பெண்கள் அந்தக் காப்பியிலேயே மாத்திரையை விழுங்குகிறார்கள். காப்பியிலும் தேநீரிலும் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உடலில் சேர விடாது. காப்பிக்கும் மாத்திரைக்கும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு அல்லது கொய்யாவோடு எடுத்தால் நன்றாகச் சேரும். குமட்டல் வந்தால் நிறுத்தாமல் இரவு உணவுக்குப் பின் மாற்றிக்கொள்ளுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் கொடுத்திருந்தால் இரண்டையும் ஒன்றாகப் போடக் கூடாது; ஒன்று பகலில், மற்றது இரவில்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் மாத்திரையோ கீரையோ மட்டும் போதாது, மருத்துவமனையில் சேர வேண்டும். ஒவ்வொரு முறையும் அந்த எண்ணைக் கேட்டு நோட்டில் எழுதுங்கள்.

4. அங்கன்வாடியில் தனியாகப் பெயர் கொடுங்கள்

ஆர்.சி.எச். எண் கிடைத்துவிட்டது என்பதற்காக அங்கன்வாடிப் பதிவு நடந்துவிட்டது என்று பொருள் இல்லை. அட்டையை எடுத்துக்கொண்டு அந்த வாரமே போய்ச் சொல்லுங்கள். பணியாளர் போஷன் டிராக்கர் செயலியில் ஆதாரைச் சரிபார்த்துப் பதிவார். முகத்தையும் படம் எடுப்பார். வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சத்துமாவை வாங்கும்போது முகத்தைச் செயலியில் காட்ட வேண்டியிருக்கும். ஆகவே கணவரையோ நாத்தனாரையோ அனுப்பி வாங்கி வரச் சொல்லாதீர்கள். செம்மநத்தம், மாரமங்கலம் போன்ற மலை ஊர்களில் சில இடங்களில் சிக்னல் நிற்காது. எந்த நாளில், எந்த இடத்தில் படம் எடுக்கிறார் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கர்ப்பிணி, பாலூட்டும் தாய், ஆறு மாதம் முடிந்த குழந்தை ஆகியோருக்குச் சத்துமாவு. இரண்டு வயது கடந்த பிள்ளைகளுக்கு மையத்திலேயே சூடான மதிய உணவும் முட்டையும். குடும்ப அட்டை இல்லாதவர்கள், வாடகைக்கு வந்தவர்கள், வெளிமாநிலத் தொழிலாளர்கள் எல்லோருக்கும் இது உண்டு. வருமானச் சான்று கேட்க மாட்டார்கள். குழந்தைக்கு இன்னும் ஆதார் எடுக்கவில்லை என்றால் தாயின் ஆதார் போதும்.

இங்கே குடும்பங்கள் தடுக்கி விழும் இடம் தாய் வீட்டுப் பயணம். ஓமலூரில் பதிந்த பெண் ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து ஆத்தூருக்குத் தாய் வீடு போவாள். குழந்தைக்கு ஐந்து மாதம் ஆன பிறகு திரும்புவாள். இங்கே "ஆள் இல்லை" என்று எழுதியிருப்பார்கள், அங்கே "எங்கள் பதிவில் இல்லை" என்பார்கள். உடம்புக்கு அதிகம் தேவைப்படும் மாதங்கள் அப்படியே கழிந்துவிடும். போவதற்கு ஒரு வாரம் முன்பே அங்கன்வாடிப் பணியாளரிடமும் செவிலியரிடமும் போகும் ஊரைச் சொல்லுங்கள். செயலியில் மாற்றிக் கொடுக்க வழி இருக்கிறது. போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள இருவரையும் பார்த்து அட்டையைக் காட்டுங்கள். திரும்பும்போதும் இதையே செய்யுங்கள்.

5. சத்துமாவைச் சமைப்பது

மாவு வீட்டுக்கு வந்தும் குழந்தையின் எடை ஏறவில்லை என்றால், பெரும்பாலும் காரணம் அடுப்பங்கரையில் இருக்கிறது.

முதல் தவறு தண்ணீர். "தொண்டையில் சிக்கிவிடும்" என்று பயந்து, ஒரு கரண்டி மாவில் இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கரைத்துக் கொடுக்கிறார்கள். ஆறு மாதக் குழந்தையின் வயிறு சிறியது. அது தண்ணீரிலேயே நிறைந்துவிடும், சத்து உள்ளே போகாது. கூழைக் கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். ஓடி விழுந்தால் நீர்த்துப்போயிருக்கிறது. கரண்டியில் ஒட்டி நின்று மெதுவாகச் சரிந்தால் அதுதான் பதம்.

மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறி, கொதி வந்த பிறகும் சில நிமிடம் வேகவிடுங்கள். இறக்கியதும் அரைத் தேக்கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ விடுங்கள். குறைந்த அளவில் அதிக ஆற்றல் கிடைக்க இதைவிட எளிய வழி இல்லை. மாவிலேயே வெல்லம் இருப்பதால் சர்க்கரை சேர்க்க வேண்டாம். எட்டு மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளை. ஒன்பது மாதம் முதல் மூன்று நான்கு வேளை, இடையில் ஒன்றிரண்டு முறை வாழைப்பழம், வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு போல ஏதாவது. தாய்ப்பாலும் இரண்டு வயது வரையாவது தொடரட்டும்.

பிள்ளை நான்கு நாளில் சலித்துப்போகும். மாவைப் பிசறிப் புட்டு செய்யலாம், கொழுக்கட்டை பிடிக்கலாம், முருங்கைக் கீரை போட்டு அடை தட்டலாம். பெரியவர்களுக்கும் அடை பிடிக்கும்; அங்கேதான் அடுத்த தவறு. ஒரு பாக்கெட் வீட்டில் எல்லோருக்கும் பங்கு போய், மாதம் பத்தாம் தேதிக்குள் காலியாகிறது. அந்த மாவு ஒரு குழந்தைக்கோ ஒரு தாய்க்கோ கணக்கிட்டு வந்தது. தனி டப்பாவில் பெயர் எழுதி வையுங்கள். வண்டு வந்த மாவு கிடைத்தால் மாட்டுத் தவிட்டில் கொட்டிவிட்டுப் பேசாமல் இருக்காதீர்கள். பாக்கெட்டோடு திருப்பிக் கொடுத்து மாற்றிக் கேளுங்கள்.

சேலத்துக்காரர்களுக்கு ஜவ்வரிசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆலைகள் நம் ஊரிலேயே இருக்கின்றன, விலை குறைவு, வயிற்றுக்கு இதம் என்பதால் குழந்தைக்கும் நோயாளிக்கும் ஜவ்வரிசிக் கஞ்சிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. மரவள்ளி மாவுச்சத்திலிருந்து வரும் ஜவ்வரிசியில் புரதம் மிகக் குறைவு. ஒருநாள் வயிற்றுப்போக்குக்குக் கொடுத்தால் குற்றமில்லை. தினமும் அதையே கொடுத்தால் வயிறு நிறையும், பிள்ளை வளராது. அதற்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுங்கள். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. அதோடு பாசிப்பருப்பு ஒரு பிடி சேர்த்தால் புரதமும் கிடைத்துவிடும்.

6. சிவப்பில் விழுந்த குழந்தை

கைச்சுற்றளவு 11.5-க்குக் கீழே இருந்தாலோ, பாதத்தில் குழி விழுந்தாலோ, அங்கன்வாடியில் கூடுதல் மாவு வாங்குவதோடு நிறுத்தாதீர்கள். முதலில் மருத்துவர் பார்க்க வேண்டும். காய்ச்சல், மூச்சுத் திணறல், ஓயாத வாந்தி, துவண்டு கிடப்பது, கொடுத்ததைச் சாப்பிட மறுப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும். ஏற்காடு அரசு மருத்துவமனையில் காட்டினால், தேவைப்படும்போது சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கு அனுப்புவார்கள். பரிந்துரைச் சீட்டையும் வளர்ச்சி அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். மலையிலிருந்து இறங்க 108-ஐ அழைக்கலாம்.

வேறு சிக்கல் இல்லாமல், நன்றாகச் சாப்பிடும் குழந்தை என்றால் வீட்டிலேயே தேற்றலாம். 2022 மே மாதம் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தில், மிக மெலிந்த குழந்தைக்குச் சிகிச்சை உணவும், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை மெலிந்திருந்தால் அதன் தாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகமும் தருகிறார்கள். தாய்க்கு ஏன் என்று கேட்பார்கள். அந்தக் குழந்தைக்குத் தாய்ப்பால்தான் ஒரே உணவு. தாய் தேறினால்தான் பிள்ளைக்குப் பாலூட்டத் தெம்பு இருக்கும்.

சிகிச்சை உணவை மருந்தாகவே நடத்துங்கள். அண்ணனுக்கு ஒரு வாய் கொடுப்பது பாசம்தான், ஆனால் மெலிந்த குழந்தையின் கணக்கில் அது குறைந்துவிடும். முதலில் தாய்ப்பால், பிறகு சிகிச்சை உணவு, பிறகு வீட்டுச் சாப்பாடு. கொதித்து ஆறிய தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். வாரம் ஒருமுறை எடை. இரண்டு வாரம் தொடர்ந்து எடை ஏறவில்லை என்றால் மறுபடியும் மருத்துவரிடம் காட்டுங்கள். உள்ளே நோய் ஏதாவது மறைந்திருக்கலாம்.

7. ரேஷன் கடை

குழந்தை பிறந்ததும் பிறப்புச் சான்றை வைத்து அட்டையில் பெயர் சேருங்கள். பொது விநியோகத் திட்ட இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ செய்யலாம். ஆள்கணக்கில் அரிசி வரும் அட்டைகளில் ஒரு பெயர் விடுபட்டால் அந்தப் பங்கு மாதாமாதம் போகும். திருமணமாகி வந்த பெண்ணுக்கு, பிறந்த வீட்டு அட்டையில் பெயர் நீக்கிய பிறகுதான் இங்கே சேரும். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கடை அரிசியில் நிறமும் வழவழப்பும் சற்று வேறாக இருக்கும் மணிகள் தென்படலாம். கழுவும்போது சில மிதக்கும். "பிளாஸ்டிக் அரிசி" என்று பொறுக்கி எறிகிறார்கள். அவை அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த செறிவூட்டிய மணிகள். 100 கிலோவுக்கு 1 கிலோ என்ற விகிதத்தில் கலந்தவை. மிதக்கும் மணியைக் கொட்டினால் அந்த அரிசியின் பயனையே கொட்டுகிறோம். ஒன்றிரண்டு முறை மட்டும் கழுவி, கஞ்சியை வடிக்காமல் தண்ணீர் அளந்து வைத்துப் பொங்குங்கள். வடித்தால் அந்தக் கஞ்சியைக் குடித்துவிடுங்கள்.

துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அரிசியை மட்டும் வாங்கிக்கொண்டு பருப்பை விட்டுவிடும் வீடுகள் உண்டு. ஏழை வீட்டில் புரதத்துக்கு இதைவிட மலிவான வழி இல்லை. மாத முதல் வாரத்திலேயே அதற்குப் பணம் ஒதுக்குங்கள்.

கைரேகை விழாத முதியவர், படுக்கையில் இருப்பவர் ஆகியோருக்கு வேறொருவர் வாங்க அங்கீகாரப் படிவம் கொடுக்கலாம். முதியவர்கள் மட்டும் உள்ள வீடு, மாற்றுத்திறனாளி வீடு என்றால் 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தின் வீட்டு விநியோகப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். சிக்கல் என்றால் 1967 அல்லது 1800 425 5901.

8. காசநோயாளி உள்ள வீடு

நோய் உறுதியானதும், காசநோயாளிகளுக்கான அரசு இணையதளத்தில் பதிந்து தரும் நிக்‌ஷய் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 2024 நவம்பர் முதல் ஊட்டச்சத்து உதவி மாதம் 1,000 ரூபாய். 3,000 வீதம் முன்கூட்டியே வங்கிக்கு வரும். முதல் தவணை நோய் கண்டறிந்ததும், இரண்டாவது 84 நாள் சிகிச்சை முடிந்ததும். முதல் பகுதியில் சொன்ன வங்கி வேலை முடியாதவர்களுக்கு இது தடைபடும். நோயாளிக்கு உணவுப் பை தரும் நிக்‌ஷய் மித்ரா கொடையாளர் யாராவது இருக்கிறாரா என்றும் காசநோய்ப் பிரிவுப் பணியாளரிடம் கேளுங்கள். கேட்டால்தான் இணைப்பார்கள்.

எடையும் உயரமும் இங்கே உயிர்காக்கும் எண்கள். இரண்டாம் பகுதியில் சொன்ன எடை, உயரக் கணக்கில் 14-க்கும் கீழே இருப்பவர், துணையில்லாமல் எழுந்து நிற்க முடியாதவர், மூச்சு வாங்குபவர், மெலிந்த உடம்பில் கால் வீங்கியவர் ஆகியோரை வீட்டில் வைத்து மாத்திரை கொடுப்பது ஆபத்து. உள்நோயாளியாகச் சேர்த்துச் சத்துணவோடு மருந்து தர வேண்டும்.

வீட்டில் மற்றவர்களும் சாப்பிட வேண்டும். ஜார்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், நோயாளியின் குடும்பத்துக்கும் உணவு கொடுத்தபோது அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. நோயாளிக்கு மட்டும் முட்டை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றும் தாயிடம் இதைச் சொல்லுங்கள். சுண்டலோ நிலக்கடலையோ பிள்ளைகளுக்கும் போகட்டும்.

9. சர்க்கரை, சிறுநீரகம், படுத்த படுக்கை

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்குக் கொண்டு வருகிறார். அவர் வரும்போதே உணவைப் பற்றியும் கேளுங்கள். கேழ்வரகு நல்லது என்று இரண்டு சொம்பு கூழ் குடிப்பது சர்க்கரை நோயாளிக்கு உதவாது. களியாகக் கிளறி, அளவோடு, கீரைக் குழம்போடு சாப்பிட்டால் சர்க்கரை மெதுவாக ஏறும். ஆடியில் கோட்டை மாரியம்மனுக்கு விரதம் இருப்பவர்கள், இன்சுலின் போடுபவராக இருந்தால் முன்னதாகவே மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். சாப்பிடாமல் வழக்கமான ஊசி போட்டு மயங்கி விழுவது ஆண்டுதோறும் நடக்கிறது.

டயாலிசிஸ் செய்பவர்களுக்கு இந்த வழிகாட்டியின் பொதுவான யோசனைகள் பொருந்தாது. பார்க்க வருகிறவர்கள் அன்போடு இளநீரும் சாத்துக்குடியும் வாங்கி வருகிறார்கள். அவற்றில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் வெளியேற்றாவிட்டால் இதயத் துடிப்பே நின்றுவிடக் கூடும். சத்துமாவும் பேரீச்சம்பழமும்கூட மருத்துவர் சொன்னால் மட்டுமே.

படுத்த படுக்கையாக இருப்பவருக்கும், குழாய் வழியாக உணவு செலுத்தப்படுபவருக்கும் வலிநிவாரண செவிலியர் வீட்டுக்கு வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். குழாயில் என்ன, எவ்வளவு, எந்தப் பதத்தில் என்பதை அவர் கண்முன்னே ஒருமுறை நீங்களே செய்து காட்டுங்கள்.

10. மலையில் இருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க

காப்பிப் பழம் பறிக்கும் காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. தாய் விடியலில் போய்விடுவார், பிள்ளை பாட்டியிடம். அப்போது எல்லா அறிவுரையும் பாட்டிக்குப் போய்ச் சேர வேண்டும். எடை போடும் நாளுக்கும் அவரையே வரச் சொல்லுங்கள். கரண்டிப் பதத்தை அவரிடமே காட்டுங்கள். தாய் காலையில் கிளம்பும் முன் ஒருமுறையும் இரவில் இருமுறையுமாவது பாலூட்டினால் பால் வற்றாமல் இருக்க உதவும்.

பிரசவ நாளுக்கு ஒரு மாதம் முன்பே செவிலியரிடம், தங்கிக் காத்திருக்கும் அறை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். வலி வந்த பிறகு இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவதைத் தவிர்க்கத்தான் அந்த ஏற்பாடு. ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி நடக்கும் கர்ப்பிணிகளுக்கான சிறப்புப் பரிசோதனைக்கு நாகலூர், வாழவந்தி பக்கத்துப் பெண்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து போனால் வண்டிக் கூலியும் குறையும், வழியில் துணையும் ஆகும்.

11. கிடைக்காதபோது யாரிடம் போவது

எடுத்த எடுப்பில் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஓட வேண்டாம். மனு அங்கிருந்து மறுபடியும் வட்டார அலுவலகத்துக்கே வரும்; நாட்கள்தான் வீணாகும். முதலில் அங்கன்வாடிப் பணியாளர் அல்லது செவிலியர். ஒரு வாரத்தில் நகரவில்லை என்றால் வட்டார குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரையோ, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரையோ பாருங்கள். ரேஷன் சிக்கலுக்கு வட்ட வழங்கல் அலுவலகம். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை குறைதீர் முகாமும் நடக்கும். அதற்கும் பலன் இல்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள், அல்லது முதலமைச்சரின் உதவி எண் 1100. உடல்நல ஐயங்களுக்கு 104.

மனுவை ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். ஆர்.சி.எச். எண் அல்லது குடும்ப அட்டை எண், எந்த மாதம் முதல் எது வரவில்லை, எந்தத் தேதியில் யாரிடம் கேட்டீர்கள் என்ற மூன்றும் நோட்டிலிருந்து அப்படியே வரட்டும். யார் மீதும் குற்றம் சுமத்தி எழுத வேண்டாம். நாற்பது ஐம்பது குழந்தைகளைத் தனியாளாகப் பார்க்கும் பணியாளர் நாளையும் உங்கள் பிள்ளையை எடை போடப் போகிறவர். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். அந்த எண்ணையும் நோட்டில் எழுதி, பதினைந்தாம் நாள் மறுபடியும் போய்க் கேளுங்கள்.